நாலரை இலட்சம்: கட்டாருக்குப் போன ஏழு பேரின் கடன் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணம் வலிகாமம் கிழக்கில் ஒரு கிராமம். அங்குள்ள சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் நான் செயலாளராக இருந்தேன். 2022 இறுதிக்கும் 2024 இறுதிக்கும் இடையில் எங்கள் சங்கத்தில் நடந்ததை இங்கே எழுதுகிறேன். சம்பந்தப்பட்ட குடும்பங்கள் ஒப்புக்கொண்ட பின்புதான் எழுதுகிறேன். ஆட்களின் பெயரோ ஏஜென்சி, கொம்பனிப் பெயர்களோ இதில் இல்லை. இதேபோல் கடன் கொடுக்கும் மற்றச் சங்கங்களுக்கும், பிள்ளைகளை அனுப்ப யோசிக்கும் வீடுகளுக்கும் இது பயன்பட வேண்டும் என்பதுதான் என் எண்ணம்.

பின்னணி

எங்கள் பக்கம் செம்மண். சின்ன வெங்காயம், மரக்கறி, புகையிலைதான் சீவியம். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் தடையை நீக்கினாலும், பிறகு உரம் வந்த விலை தோட்டக்காரருக்குக் கட்டக்கூடியதாக இருக்கவில்லை. அடுத்த ஆண்டு மண்ணெண்ணெய் இல்லை, டீசல் இல்லை. கிணற்றில் தண்ணீர் இருந்தும் இறைக்க முடியாமல் பயிர் காய்ந்ததைப் பார்த்தோம்.

அதே 2022இல் ரூபாய் விழுந்தது. ஒரு டொலர் 200 ரூபாயாக இருந்தது மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. கட்டார் ரியால் டொலரோடு கட்டப்பட்டது. ஒரு டொலருக்கு 3.64 ரியால். ஆகவே 55 ரூபாயாக இருந்த ரியால் சில மாதங்களில் 100க்குக் கிட்ட வந்துவிட்டது. அந்த ஆண்டு மட்டும் இலங்கையிலிருந்து 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வேலைக்கென்று வெளிநாடு போனார்கள்.

இங்கே யாழ்ப்பாணத்துக்கே உரிய ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ‘வெளிநாடு’ என்றால் மனதில் வருவது கனடாவும் லண்டனும் சுவிசும்தான். 1983க்குப் பிறகு போனவர்கள் கட்டிய மாடி வீடுகள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் நிற்கின்றன. அந்த வீடுகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு கட்டாரும் ‘வெளிநாடு’தான். ஆனால் அங்கே குடியுரிமையும் இல்லை, குடும்பத்தைக் கூப்பிடவும் இயலாது, கொம்பனி கொடுத்த கட்டிலில்தான் படுக்கை. இந்த வித்தியாசத்தை ஏஜென்ட்மார் விளக்குவதில்லை. வளைகுடாவிலிருந்து திரும்பியவர்களும் வெட்கத்தில் வெளியே சொல்வதில்லை.

கடன் கேட்டு வந்த ஏழு பேர்

2022 நவம்பரிலிருந்து ஐந்து கிழமைக்குள் ஏழு குடும்பங்கள் சங்கத்துக்கு வந்தன. ஒவ்வொன்றும் கேட்டது 2 இலட்சம் ரூபாய். படிவத்தில் ‘கடனின் நோக்கம்’ என்ற இடத்தில் ஏழு பேரும் எழுதியது ‘வீடு திருத்தம்’. ஏழு வீட்டிலும் 23க்கும் 34க்கும் இடைப்பட்ட ஓர் ஆண் பிள்ளை பாஸ்போட் எடுத்திருந்தது ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். வெளிநாட்டுப் பயணத்துக்குக் கடன் கொடுக்க எங்கள் உபவிதியில் இடமில்லை என்பதால் நான் கேள்வி கேட்கவில்லை. குடும்பங்களுக்கு உதவுகிறேன் என்றுதான் அப்போது நினைத்தேன். இந்த நிகழ்வில் முதல் பிழை என்னுடையது.

இன்னொன்றையும் கவனிக்காமல் விட்டோம். ஒவ்வொருவருக்கும் பிணை நின்றது மற்ற ஆறு குடும்பங்களில் இரண்டு. ஒருவர் விழுந்தால் எல்லோரும் விழுவார்கள்.

ஒருவருக்கு ஏஜென்ட் கேட்ட தொகை நாலரை இலட்சம். பெரும்பாலான வீடுகளில் அது சேர்ந்த விதம் ஒன்றுதான். சங்கத்தில் 2 இலட்சம், நகை அடகில் ஒன்றரை இலட்சம், மிச்சம் 1 இலட்சம் மீற்றர் வட்டிக்கு. மீற்றர் வட்டி என்றால் மாதம் நூற்றுக்குப் பத்து. முதலைக் கட்டும்வரை வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஏஜென்ட் சொன்னதும் கையெழுத்தானதும்

பணம் வாங்கியவர் பக்கத்து ஊர்க்காரர். கடை வைத்திருப்பவர், கோவில் திருவிழாவில் முன்னுக்கு நிற்பவர். அனுமதிப்பத்திரம் உள்ள கொழும்பு ஏஜென்சி ஒன்றுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது அவருடைய மற்றத் தொழில். இலங்கையில் 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஆள் சேர்க்க முடியாது. இவரிடம் அது இல்லை. கேட்டால் கொழும்பு ஏஜென்சியின் போட்டோப் பிரதி ஒன்றைக் காட்டுவார்.

அவர் சொன்ன சம்பளம் 1,800 ரியால், சாப்பாடும் தங்குமிடமும் இலவசம், ஓ.ரி. (மேலதிக நேர வேலைக்கான காசு) வேறு. ரியாலை 100 ரூபாயாக வைத்துப் பெருக்கி, மாதம் 1 இலட்சத்து 80 ஆயிரம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு தாய் அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறார்.

கட்டாருக்குப் போகிறவர்கள் 2018இலிருந்து கொழும்பிலுள்ள கட்டார் விசா நிலையத்தில் மருத்துவப் பரிசோதனை செய்து, கைரேகை கொடுத்து, அங்கேயே ஒப்பந்தத்திலும் கையெழுத்திட வேண்டும். இங்கே ஒரு சம்பளமும் அங்கே இறங்கியதும் இன்னொன்றும் காட்டும் ஏமாற்றைத் தடுப்பதற்கு உதவும் நல்ல ஏற்பாடு அது. ஆனால் ஏழு பேரும் சொன்னது ஒரே கதை. முதல் நாள் இரவு ஏஜென்சி ஆள் லொட்ஜுக்கு வந்து, “உள்ளுக்குப் போய்க் கேள்வி கேட்டால் விசா நிக்கும். தாளில அடிப்படைச் சம்பளம் மட்டும்தான் இருக்கும், மிச்சத்தைக் கொம்பனி அங்க போட்டுத் தரும்” என்று சொல்லியிருக்கிறார். கையெழுத்தானது 1,000 ரியால் அடிப்படைச் சம்பளத்துக்கும் 300 ரியால் சாப்பாட்டுப் படிக்கும். அது கட்டாரின் 2020ஆம் ஆண்டுச் சட்டம் 2021 மார்ச்சிலிருந்து நடைமுறைப்படுத்திய ஆகக் குறைந்த சம்பளம். தாளில் சட்ட மீறல் எதுவும் இல்லை. அதற்குள் நாலரை இலட்சமும் கை மாறிவிட்டது. அந்த நேரத்தில் ‘வேண்டாம்’ என்று எழுந்து வர யாருக்குத் துணிவு வரும்?

2023 மார்ச் கடைசியில் ஏழு பேரும் கட்டுநாயக்காவிலிருந்து போனார்கள்.

டோகாவில் கண்டது

நேரடி வேலை தந்தது துப்புரவு, பராமரிப்பு வேலைகளை ஒப்பந்தத்துக்கு எடுக்கும் ஒரு கொம்பனி. ஏழு பேரும் துப்புரவு செய்த கட்டடம் ஒரு பன்னாட்டு ஹோட்டல் குழுமத்துடையது.

முதல் சம்பளம் ஜூனில்தான் வந்தது. அதன்பின் ஒவ்வொரு மாதமும் 1,300 ரியால் வங்கிக் கணக்குக்குச் சரியாக வந்தது. கட்டாரில் 2015இலிருந்து சம்பளம் வங்கி வழியாகத்தான் போடப்பட வேண்டும், அரசு அதைக் கண்காணிக்கும். ஆனால் சம்பளம் விழுந்த மறுநாள், தொழிலாளர் தங்கும் காம்பின் பொறுப்பாளர் வந்து, ஒவ்வொருவரிடமும் ‘விசாக் காசு’ என்று 200 ரியாலைக் கையில் வாங்கிவிடுவார். வங்கிப் பதிவு சுத்தமாக இருக்கும்.

பாஸ்போட்டுகள் கொம்பனி அலுமாரியில். அப்படி வைத்திருப்பது கட்டாரின் 2015ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். கேட்டவர்களுக்கு “பாதுகாப்புக்கு” என்று பதில் வந்தது.

கணக்கைப் பாருங்கள். கையில் 1,100. சமையலுக்கு 350, போனுக்கும் சவர்க்காரத்துக்கும் 100. ஊருக்கு அனுப்ப மிஞ்சுவது 650 ரியால். ரூபாய் கொஞ்சம் எழும்பியதால் ரியால் அப்போது 90க்குக் கிட்ட நின்றது. ஆக 58,500 ரூபாய். அதில் சங்கத் தவணை 9,400, அடகு வட்டி 3,000, மீற்றர் வட்டி 10,000. எல்லாம் போக வீட்டுக்கு 36,000. மீற்றர்க்காரருக்குக் கொடுக்க வேண்டிய ஒரு இலட்சம் முதல் அப்படியே இருக்கிறது. ஜூனுக்கு முந்திய மாதங்களில் ஏறிய வட்டியும் அதன் மேல்.

நாலாம் மாதம் ஒருவர் காம்பை விட்டு வெளியேறினார். வெளியில் கட்டட வேலைக்கு நாளுக்கு 80 ரியால் தருகிறார்கள் என்று யாரோ சொன்னதை நம்பிப் போயிருக்கிறார். அடுத்த கிழமையே கொம்பனி ‘ஓடிப்போனவர்’ என்று முறையிட்டது. கட்டாரில் 2020 மறுசீரமைப்புக்குப் பிறகு, முதல் இரண்டு வருடத்துக்குள் ஒரு மாத அறிவித்தல் கொடுத்து முறைப்படி கொம்பனி மாறலாம். பழைய முதலாளியின் சம்மதம் தேவையில்லை. அந்தப் பிள்ளைக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த மாதத்து மீற்றர் வட்டி ஒரு மாதம் பொறுத்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

சங்கத்துக்குத் தெரிய வந்தபோது

2023 ஓகஸ்டிலிருந்து தவணை பிந்தத் தொடங்கியது. நவம்பரில் நான்கு பெண்கள் சேர்ந்து வந்தார்கள். அதில் ஒருவர், “அண்ணை, தாலிக்கொடியும் அடகிலதான் கிடக்கு. இந்த மாதம் கட்ட ஏலாது. பிணைகாரரிட்டப் போகாதேங்கோ, அவையும் எங்கட நிலைதான்” என்றார். அன்று மாலைதான் ஏழு கோப்புகளையும் ஒன்றாக மேசையில் வைத்துப் பார்த்தேன்.

நிர்வாகக் குழுவில் இரண்டு கருத்து இருந்தது. விதிப்படி பிணையாளரிடம் அறவிட வேண்டும் என்றார் பொருளாளர். அது தவறான கருத்து அல்ல. சங்கத்தில் இருப்பது ஊராரின் சேமிப்பு. ஆனால் பிணையாளர்களும் அதே ஏழு குடும்பங்கள். அறவிடப் போனால் எல்லோரும் மீற்றர்க்காரரிடம் போய் எங்களுக்குக் கட்டுவார்கள். ஆகவே ஆறு மாதத்துக்கு வட்டி மட்டும் வாங்குவது, அதற்குள் பணம் எங்கே போனதென்று தேடுவது என்று தீர்மானித்தோம்.

பணம் போன வழி

ஊர் ஏஜென்ட்டை ஒளித்துப் பிடிக்கவில்லை. சங்கத் தலைவரும் நானும் நேரே வீட்டுக்குப் போனோம். இரண்டு மணித்தியாலம் கதைத்தார். தனக்கு ஒரு தலைக்கு 60,000 என்றார். மிச்சம் 3 இலட்சத்து 90 ஆயிரமும் கொழும்புக்குப் போனது. கொழும்பு ஏஜென்சி டோகாக் கொம்பனியின் உள்ளாள் ஒருவருக்கு ஒரு விசாவுக்கு 2,000 ரியால் கொடுத்துத்தான் இத்தனை ஆள் வேண்டும் என்ற கொம்பனியின் கோரிக்கையை வாங்கியது என்றும் சொன்னார். அந்த 2,000க்கு எங்களிடம் எழுத்தில் ஆதாரம் இல்லை. ஆனால் காம்பில் வாங்கிய மாதம் 200 ரியாலும், விமான ரிக்கெற்றுக்கென்று தனியாக வாங்கிய பணமும் அந்தக் கதையோடு பொருந்தின.

இங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது, ஆகவே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஹோட்டல் துப்புரவு வேலைக்கு விலைமனுக் கோருகிறது. குறைந்த விலை போட்ட கொம்பனிக்கு வேலை போகிறது. சம்பளத்தை 1,000 ரியாலுக்குக் கீழே இறக்கச் சட்டம் விடாது. அப்படியென்றால் விலையைக் குறைக்க அந்தக் கொம்பனிக்கு மிஞ்சுவது என்ன? ஆளைக் கூட்டிவரும் செலவு, ரிக்கெற், சாப்பாட்டுப் படி, ஓ.ரி., ஓர் அறையில் எத்தனை கட்டில் என்பது. ஆளைக் கூட்டிவரும் செலவைக் கூலியாளிடம் வாங்கக் கூடாதென்று கட்டாரின் 2004ஆம் ஆண்டுத் தொழிற்சட்டமும் ஆட்சேர்ப்பாளருக்குச் சொல்கிறது. ஆனால் அந்தச் செலவு கொழும்பு வழியாகவும் எங்கள் ஊர் ஏஜென்ட் வழியாகவும் இறங்கி, கடைசியில் ஒரு தாலிக்கொடியில் வந்து நிற்கிறது. ஏஜென்ட்டை மட்டும் திட்டிவிட்டு வந்திருந்தால் இந்தக் கணக்கின் மேல்பாதி எங்கள் கண்ணில் பட்டிருக்காது. அந்தக் கடனுக்கு ஊரில் காசு தேடிக் கொடுத்ததில் எங்கள் சங்கத்துக்கும் பங்கு இருந்தது. நாங்கள் 2 இலட்சம் கொடுக்காவிட்டால் ஏஜென்ட் நாலரை கேட்டிருக்க முடியுமா என்று பலநாள் யோசித்திருக்கிறேன்.

எடுத்த முடிவுகள்

முதலில் நினைத்தது டோகாவில் தொழில் அமைச்சில் முறையிடுவது. அங்கே இருந்த ஆறு பேரில் ஐந்து பேர் மறுத்தார்கள். ஒருவர் போனில் சொன்னார்: “அண்ணை, என்ர பேர் வேண்டாம். அனுப்பிவிட்டால் கடனோட எந்த முகத்தோட ஊருக்கு வாறது?” பாஸ்போட் அலுமாரியில் இருந்ததைவிட, மீற்றர்க்காரரின் கொப்பிதான் அவர்களைக் கட்டிப்போட்டிருந்தது. பேரைச் சொல்ல மாட்டேன் என்று உறுதி கொடுத்தேன்.

ஆகவே வேலை கொடுத்த கொம்பனியை விட்டுவிட்டு, அதற்கு வேலை கொடுத்த ஹோட்டலிடம் போக முடிவெடுத்தோம். அந்தக் குழுமத்தின் இணையத்தளத்தில், ஒப்பந்தக்காரர்கள் தொழிலாளரிடம் ஆட்சேர்ப்புக் கட்டணம் வாங்கக் கூடாது, கடவுச்சீட்டை வைத்திருக்கக் கூடாது என்று விதிக்கோவை இருந்தது. முறையிட மின்னஞ்சல் முகவரியும் இருந்தது. 2022 உலகக் கிண்ண மைதான வேலைகளில் ஒப்பந்தக்காரர்கள் பலர், பற்றுச்சீட்டுக் கேட்காமலே தொழிலாளருக்குக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டதும் எங்களுக்கு ஒரு பிடி. அங்கே முடிந்தது ஹோட்டலில் ஏன் முடியாது?

ஏழு பேரில் ஒருவரின் சின்னம்மாவின் மகள் லண்டனில் கணக்காளர். கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதியது அவர். ஒரு பேரும் போடவில்லை. எங்கள் ஊரையும் சொல்லவில்லை. அந்தக் கட்டடத்தில் வேலைசெய்யும் அந்த ஒப்பந்தக்காரரின் தொழிலாளர் எல்லோரையும் பற்றியதாக எழுதினோம். நேபாளிகளும் வங்காளதேசத்தவரும் அதே 200 ரியாலைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்குமாகக் கேட்டால் எங்கள் ஆறு பேரைத் தனியாகப் பிடிக்க முடியாது என்பது கணக்கு. 2024 ஜனவரி நடுப்பகுதியில் அனுப்பினோம்.

ஊர்ப் பக்கத்தில் பிரதேச செயலகத்திலுள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தர் மூலம் பணியகத்துக்கு முறைப்பாடு போட்டோம். அங்கே தடுக்கியது ஆதாரம். நாலரை இலட்சத்துக்கு ஒரு பற்றுச்சீட்டும் இல்லை. எல்லாம் கையில் கொடுத்த காசு. இரண்டு வீட்டில் மட்டும், ஏஜென்ட்டின் வங்கிக் கணக்கில் ஒரு பகுதியைப் போட்ட துண்டு சாமி அறைப் படத்துக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது.

பின்பு நடந்தவை

ஐந்து கிழமைக்குப் பிறகு ஹோட்டல் குழுமத்திலிருந்து பதில் வந்தது. மார்ச்சில் ஆய்வுக்கு ஆட்கள் காம்புக்குப் போனார்கள். காம்ப் பொறுப்பாளர் முதல் நாளே எல்லோருக்கும் என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் எடுத்திருந்தார். ஆனால் ஆய்வாளர்கள் கூட்டமாகக் கேட்காமல் தொழிலாளரைத் தனித்தனியாக, காம்புக்கு வெளியில் சந்தித்தார்கள். ஒரு நேபாளித் தொழிலாளி தன் போனில் குறித்து வைத்திருந்த மாதக் கணக்கைக் காட்டியது பெரிய உதவியாயிற்று.

ஏப்ரலில் 200 ரியால் பிடிப்பு நின்றது. பாஸ்போட்டுகள் திருப்பிக் கொடுக்கப்பட்டன. ஒவ்வொருவருக்கும் பூட்டோடு சிறிய பெட்டி. கட்டணத்துக்காக ஒருவருக்கு 2,500 ரியால், மாதம் 250 வீதம் பத்து மாதம் கொடுக்கச் சம்மதித்தார்கள். பற்றுச்சீட்டு இல்லாததால் எல்லோருக்கும் ஒரே தொகை. அப்போதைய மதிப்பில் அது 2 இலட்சத்துச் சொச்சம். கொடுத்ததில் பாதிக்கும் குறைவு.

பணியக விசாரணையில் கொழும்பு ஏஜென்சி, ஊர் ஏஜென்ட்டைத் தங்களுக்குத் தெரியவே தெரியாது என்றது. வங்கித் துண்டு இருந்த இருவருக்கு மட்டும் ஆளுக்கு 1 இலட்சம் கொடுத்து இணங்கியது. ஊர் ஏஜென்ட் தன் பங்கான 60,000ஐ ஏழு குடும்பத்துக்கும் தவணையில் கொடுத்து முடித்தார். அவரை அதற்கு இணங்க வைத்தது அவருடைய தமக்கையார்.

மீற்றர்க் கடன்கள் ஆறும் 2024 முடிவதற்குள் தீர்ந்தன. அடகிலிருந்த நகைகளில் நான்கு வீட்டினுடையவை திரும்பி வந்தன.

நல்லது மட்டும் நடக்கவில்லை. 2024 ஒக்டோபரில் ஒப்பந்தம் முடிந்தபோது ஹோட்டல் அந்தக் கொம்பனிக்குப் புதுப்பித்துக் கொடுக்கவில்லை. எங்கள் ஆறு பேரில் நான்கு பேர் ஓ.ரி. குறைந்த வேறு இடத்துக்கு மாற்றப்பட்டார்கள். முறைப்பாடு செய்தவர்கள் நாங்கள் என்று தெரியாமலே, அதன் விலையைச் சுமந்தவர்கள் அவர்கள்தான். வெளியேறிப் போனவர் கொம்பனிக் கணக்கில் இல்லாததால் 2,500 ரியாலும் அவருக்கு இல்லை. அவர் 2024 ஜூனில் வெறுங்கையோடு திரும்பினார். ரிக்கெற் காசை மாமா அனுப்பினார்.

இனி வேறாகச் செய்வது

ஹோட்டலுக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே, ஒப்பந்தக்காரரை மாற்றினாலும் இப்போதிருக்கும் தொழிலாளரைப் புதியவர் எடுக்க வேண்டும் என்று கேட்டிருக்க வேண்டும். பணம் திரும்புவதிலேயே எங்கள் கவனம் முழுதும் போனது. நான் மிகவும் வருந்துவது இதற்குத்தான்.

வீட்டுப் பெண்களோடு முன்பே கதைத்திருக்க வேண்டும். தொகை, திகதி, யார் வந்து வாங்கினார் என்பதெல்லாம் அவர்களுக்கு நாள் தவறாமல் நினைவிருந்தது. ஒரு கொப்பியில் எழுதி அன்றன்றைக்குச் சாட்சிக் கையெழுத்து வாங்கியிருந்தாலே விசாரணையில் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

2024 பொதுக்கூட்டத்தில் உபவிதியைத் திருத்தினோம். ‘வெளிநாட்டு வேலை’ என்று வெளிப்படையாக எழுதிக் கடன் கேட்கலாம். அதற்கு மூன்று தேவைகள்: ஏஜென்சியின் அனுமதிப்பத்திர எண்ணைப் பணியகத்தின் 1989 இலக்கத்தில் நாங்களே அழைத்து உறுதிப்படுத்துவது, விமான ரிக்கெற்றும் விசாவும் யார் செலவு என்று ஒப்பந்தத்தில் பார்ப்பது, கடன் காசு அனுமதிப்பத்திரம் உள்ள ஏஜென்சியின் வங்கிக் கணக்குக்கு நேரே போவது. கையில் காசாகக் கொடுப்பதில்லை. நான்காவதாக ஒரு கேள்வியையும் படிவத்தில் சேர்த்தேன்: கொம்பனி உங்களை எந்தக் கட்டடத்தில், யாருக்காக வேலைசெய்ய விடும்? இதுவரை வந்த ஐந்து விண்ணப்பங்களில் இரண்டு பேர் இதற்குப் பதில் கேட்க ஏஜென்சிக்குப் போய், பதில் கிடைக்காமல் பயணத்தைக் கைவிட்டார்கள். ஒருவர் பதிலோடு வந்தார். போன மாதம் புறப்பட்டுவிட்டார்.

வெறுங்கையோடு திரும்பியவரின் கடனில் 1 இலட்சத்து 12 ஆயிரம் இன்னும் நிலுவை. அவர் இப்போது பக்கத்துத் தோட்டத்தில் நாட்கூலிக்கு வெங்காயம் நடுகிறார். மாதம் 2,000 கட்டுகிறார். வட்டியை நிறுத்தி வைக்கும் தீர்மானம் அடுத்த குழுக் கூட்டத்துக்கு வருகிறது. பொருளாளரே அதை முன்மொழிகிறார்.